வாசலில் தேன்சிட்டு

பீடோங், கெடா, மலேசியா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குக் கூலிமில் வேலை நிலைத்துவிட்டது. வெயில்தான் கொளுத்துகிறது, ரப்பர் பால் மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது. மற்றதைப் போனில் பேசலாம். நான் எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு.

கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு காகிதப்பூச் செடி இருக்கிறதல்லவா, அதன் தாழ்ந்த கிளையில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. மஞ்சள் வயிறு, வளைந்த அலகு, என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. பார்க்கிறவர்களுக்குக் காற்றில் வந்து சிக்கிய குப்பையாகத்தான் தெரியும். அதுதான் அதற்குப் பாதுகாப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் காய்ந்த புல், நார், சருகுத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் சுற்றிச் சுற்றிப் பிணைத்திருக்கிறது. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி சின்னதாக ஒரு தாழ்வாரம். அடியில் வால் போல நார் தொங்குகிறது.

பின் தெரு இலவ மரத்தில் காய் வெடித்திருக்கிறது. அந்தப் பஞ்சை வாய் கொள்ளாமல் கவ்விக்கொண்டு வந்து உள்ளே நுழையும். பிறகு நெஞ்சால் அமுக்கி, உடம்பைத் திருப்பித் திருப்பி மெத்தை போடும், கூடே குலுங்கும். கூரை மூலையில் இருந்த நூலாம்படையையும் அதுதான் கொண்டு போனது. அதனால் வாசல் பக்கம் ஒட்டடை அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

கட்டுவது முழுக்கப் பெண் குருவிதான், அடைகாப்பதும் அதுதான். கழுத்தில் கருநீலம் மின்னும் ஆண் குருவி செம்பருத்தியில் உட்கார்ந்து கீச்சிடும். குஞ்சு பொரித்த பிறகு இரண்டும் சேர்ந்துதான் இரை தேடுகின்றன. தேன் குடிக்கிற பறவையாக இருந்தாலும் குஞ்சுகளுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் ஊட்டுகிறது. அதைப் பார்த்த அன்றே செடிக்குப் பூச்சி மருந்து அடிப்பதை விட்டேன்.

இவ்வளவு பக்கத்தில் வந்து கட்டுவதற்குக் காக்கைப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மனிதர் நடமாடும் வாசலுக்குள் காக்கை சட்டென்று நுழையாது. ஒன்று தெரியுமா, இந்த ஊர்க்காக்கையே மலாயாவுக்கு வந்தேறியதுதான். 1890களில், காப்பித் தோட்டத்துப் புழுவை ஒழிக்கச் சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றி வந்த அதே காலம். இதைப் படித்ததிலிருந்து காக்கையை விரட்டும்போது எனக்குக் கை முழுசாக ஓங்கவில்லை. ஆனாலும் விரட்டத்தான் செய்கிறேன்.

வீட்டுக்காரர் கூட்டைக் கிளையோடு வெட்டிக் கொல்லையில் கட்டிவிடலாம் என்றார். கூடாது என்று ஒரே பிடியாக நின்றேன். கூட்டை இடம் மாற்றினால் தாய் திரும்பி வராமலே போகலாம். இப்போது கார் வெளியே நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் போனைக் கூட்டுக்குள் விட்டுப் படம் எடுக்க வந்தான். கேட்டருகே நின்றே பார் என்று சொன்னேன். இப்போது அவனே பூனை வருகிறதா என்று காவல் இருக்கிறான். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில், விழுந்து கிடக்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை எடுத்து லயத்து வீட்டு வாசலில் மாட்டுவோமே, அதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அந்தத் தோட்டம் முழுக்க இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, என்றால் நம்ப மாட்டேன் என்கிறான்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டாயம் வா. அதற்குள் குஞ்சுகள் பறந்திருக்கும். ஆனால் தேன்சிட்டு சில சமயம் அதே கூட்டில் மறுபடியும் முட்டையிடும் என்பதால் பண்டிகைக்காகவும் அதை எடுக்கப் போவதில்லை. தோரணத்தைப் பக்கவாட்டுக் கதவில் கட்டிக்கொள்கிறேன். நீயும் காரைச் சாலையோரமாகவே நிறுத்து. மருமகள் போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு போத்தல் மறக்காதே.

அன்புடன்,
சரசு