அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள்

சபையின் சேகர கமிட்டியாருக்கும் போதகர் ஐயரவர்களுக்கும் தோத்திரம்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் அந்தப் பிள்ளை சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும், அப்புறம்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அவள் செய்தது ரிஜிஸ்டர் கல்யாணம். மாப்பிள்ளை வேறு மதம். அதற்காக மூன்று வருஷமாக அவளுடைய அப்பா அம்மாவுக்கும் ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து கிடையாது. எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அந்த அம்மா மட்டும் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, அதன் அட்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் பின்வரிசைக்காரன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

லூக்கா 15-ஐ இன்னொரு தரம் நிதானமாக வாசியுங்கள். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பின அந்த இளைய மகனும் மன்னிப்புப் பேச்சு ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தான். பன்றி மேய்த்த இடத்திலேயே மனப்பாடம். கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது கடைசி வரி. வீட்டுக்கு வந்து அந்த வரியை அவன் சொன்னதாக நம் வேதாகமத்தில் இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரரை விரட்டத் தொடங்கிவிட்டார். மகன் வாயைத் திறக்கும் முன்பே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டி முத்தமிட்டாயிற்று. நீங்கள் கேட்கிற கடிதத்தை அந்த வீட்டில் யாராவது கேட்டிருந்தால், அது தம்பியைச் சேர்த்துக்கொண்டதற்குக் கோபித்து உள்ளே வர மறுத்த மூத்தவனாகத்தான் இருக்கும்.

"இனிப் பாவஞ்செய்யாதே" என்றும் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் இயேசு சொன்னாரே என்று கமிட்டியில் ஒருவர் மடக்கினாராம். சொன்னார்தான். தானும் தீர்ப்பளிக்கவில்லை என்று சொன்னதற்குப் பிறகு. அதுவும் அவளைக் கல்லெறியக் கொண்டுவந்த கூட்டமெல்லாம் கலைந்து, தனியாக நின்றவளிடம். முதலில் நழுவியவர்கள் பெரியோர் என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார் (யாரையும் குத்திச் சொல்லவில்லை).

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களையும் வண்டியோடு எரித்தார்கள். எரித்தவர்களை மன்னித்தேன் என்றார் அவர் மனைவி கிளாடிஸ். யாரும் வந்து கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. வழக்கு அதன் பாட்டுக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் ஆயுள் தண்டனையில் முடிந்தது, அது வேறு விஷயம். இந்தக் கதையை நம் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனை தரம் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறோம்! கொலைக்குக் கிடைத்தது ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குக் கிடைக்காதா?

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். நோட்டில் கிழித்த தாள், ஏகப்பட்ட அடித்தல். "என் அப்பாவும் அம்மாவும்" என்பதோடு மூன்றாவது வரியில் நிற்கிறது.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்