தண்ணீர் பாட்டில் காலியாக வீடு திரும்பட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இது மார்க் பற்றிய கடிதம் இல்லை, பயப்படாமல் படிக்கலாம். காலாண்டுத் தேர்வு பற்றி வகுப்பாசிரியர்கள் உங்களிடம் தனியாகப் பேசுவார்கள். நான் எழுத நினைத்தது பிள்ளைகளின் உடம்பைப் பற்றி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் கொஞ்சத்தையாவது இப்போதே அவர்கள் கையில் கொடுக்கலாமே என்பதைப் பற்றி. தலைவலி என்று ஆபீஸ் ரூமுக்கு வரும் பிள்ளை "அம்மாவுக்குப் போன் பண்ணுங்க டீச்சர்" என்கிறது. சரி, பண்ணுகிறோம். ஆனால் எப்போதிருந்து வலி, காலையில் என்ன சாப்பிட்டாய், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டால் முழிக்கிறது, தன் உடம்பைப் பற்றி அம்மாவுக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி.

முதலில் தண்ணீர். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து வீட்டுக்கு வருகிறதா என்று இன்றைக்குப் பாருங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பாட்டிலை. தாகம் எடுக்காமல் இல்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், வகுப்பு நடுவில் எழுந்து கேட்க வெட்கம், போனாலும் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, அதனால் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கி வைக்கும் பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு அதிகம். எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று வந்தபின் டாக்டரிடம் ஓடுவதைவிட முன்னாலேயே இரண்டு மடக்குக் குடிப்பது சுலபம். கேரளப் பள்ளிகளில் 2019 முதலே தண்ணீர் குடிக்க என்று தனியாக மணி அடிக்கிறார்கள், வாட்டர் பெல் என்று பெயர். நம் பள்ளியிலும் மணி அடிக்கிறோம், ஆனால் மணி அடித்ததும் பாட்டிலைத் திறந்து உதட்டில் வைத்து மூடிவிடுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, போய்க் குடி. இதற்கு ஆசிரியரும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். இனி எந்த வகுப்பிலும் பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டியதில்லை, எழுந்து போய்விட்டு வரலாம் என்றும் சொல்லிவிட்டேன். சில ஆசிரியர்களுக்கு இதில் சம்மதமில்லை, பாடம் கெடும் என்கிறார்கள். கொஞ்சம் கெடட்டும்.

அப்புறம் காலைச் சாப்பாடு. ஐந்தாம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டு வந்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு இங்கே வந்ததும் வெறும் வயிற்றோடு நிற்கிறது. வீட்டில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், உங்களையும் குறை சொல்ல முடியாது, காலை ஷிப்ட் தறிக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்கு எழுந்து சமைப்பீர்கள்? ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கத் தெரியும். முந்தின நாள் இட்லி மாவு இருந்தால் தோசை ஊற்றவும் தெரியும், பையன்களுக்கும்தான். காலை பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகளிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான், டீ மட்டும் குடிச்சேன் டீச்சர்.

டீ என்றதும் வியாழக்கிழமை மாத்திரை ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு வாரமும் நாங்கள் கொடுக்கும் அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் கூடவே ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, அதனால்தான் இந்த ஏற்பாடு. "போன வாரம் மாத்திரை போட்டதும் கறுப்பாப் போச்சு, இனிமே கொடுக்காதீங்க" என்று சில அம்மாக்கள் வந்து சண்டை போட்டீர்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் புரட்டுவது பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடுவதால், அதனால்தான் மதிய உணவுக்குப் பிறகு கொடுக்கிறோம். மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது போகட்டும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நல்லது. தலசீமியா மாதிரி இரத்தம் சம்பந்தமான நோய் இருக்கிற பிள்ளை என்றால் மட்டும் முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

தூக்கம் பற்றி நான் பேசினால் உங்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் பேசுகிறேன். 12 வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும், அதற்கு மேல் எட்டு மணி நேரமாவது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் வீட்டில் தறிச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டேன். "சத்தம் பழகிடுச்சு டீச்சர், போன்தான் தூங்க விடல" என்றான். அவனே சொல்கிறான்! போனை எத்தனை மணிக்குக் கீழே வைப்பது என்று அவனையே முடிவு செய்யச் சொன்னேன், ஒன்பதரை என்றான், பெரும்பாலும் காப்பாற்றுகிறான். பிடுங்கி வைப்பதைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பக்கத்தில் படுத்து நாம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது.

கண் பரிசோதனையில் கண்ணாடி வாங்கிய பிள்ளைகள் பலர் அதைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள், "நாலு கண்ணு" என்று கேலி செய்வார்களாம். கேலியை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் போட்டுப் பழக்குவது உங்கள் வேலை.

பீரியட்ஸ் நாட்களில் நாப்கின் வேண்டும் என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம், பெண்கள் கழிப்பறை வாசலில் உள்ள அலமாரி பூட்டப்படாது, தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தக் கழிப்பறைத் தாழ்ப்பாள் விஷயம்தான் முதலில் பேசப்போகிறோம். அப்பாக்களும் வாருங்கள். வெல்டிங் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் வரை காத்திருக்காமல் நாளைக்கே பள்ளிக்கு வந்து என்னைப் பாருங்கள், சாமான் செலவைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
தலைமையாசிரியை,
அரசு உயர்நிலைப்பள்ளி