மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மேசை

மும்பைத் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1976-ல் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வந்தவள் நான். மறுவருடம் ஃபோர்ட்டில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, 2013-ல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். மாட்டுங்காவில் வாடகை கட்டுப்படியாகாமல் போனபோது பலரையும் போல டோம்பிவலிக்குக் குடிவந்தோம். உங்கள் பொங்கல் விழாக்களுக்கும் பட்டிமன்றங்களுக்கும் பல வருடங்களாக வருகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: மாதம் ஒரு ஞாயிறு உங்கள் ஹாலில் ஒரு மேசை போட்டு, எங்களைப் போன்ற முதியவர்களின் பென்ஷன் வேலைகளுக்கு உதவுங்கள்.

எங்கள் வருமானம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.எஃப். பென்ஷன் திட்டம் 1995-ல் வந்தது. நான் ஓய்வு பெற்ற சமயத்தில், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலோருக்கு 6,500 ரூபாய்தான் கணக்கு. அதை 1995-க்குப் பிந்தைய சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். பழைய சர்வீஸுக்குக் கொஞ்சம் சேர்த்து எனக்கு மாதம் வருவது 2,200 சொச்சம். பி.எஃப். பணம் 12 லட்சத்தை தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டிருக்கிறோம், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வருகிறது. வீடு சொந்தம் என்பதால் சமாளிக்கிறோம். எங்கள் கட்டடத்தில் நாங்கள் வசதியானவர்கள்.

கீழ்வீட்டு அக்காவுக்கு வருவது 1,000 ரூபாய், பி.எஃப். விதவை பென்ஷன். 2014 முதல் குறைந்தபட்சத் தொகை அதுதான், இன்னும் உயரவில்லை. முப்பது வருடம் இட்லி மாவு ஆட்டி விற்றவர். போன வருடம், உயிரோடு இருக்கிறோம் என்று வருடாவருடம் காட்டும் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கப் போனார். கைரேகை மெஷினில் பெருவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார், தேங்காயெண்ணெய் தடவி வைத்தார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ஈர அரிசியிலும் பாத்திரத்திலும் தேய்ந்த விரல்களில் ரேகையே இல்லை. "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் நின்றது. மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்.

என் பேரன் வந்து போனில் அவர் முகத்தைக் காட்டிப் பதிவு செய்தான். ஐந்து நிமிடம். நின்ற பணமும் சேர்ந்து வந்தது. முகம் காட்டிப் பதியும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. அதோடு, பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பரில் போய் வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும். இது எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுதான்.

70 வயதானால் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் கார்டு உண்டு, 2024 அக்டோபர் முதல். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் அட்மிட் ஆனால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. அதையும் பலர் எடுக்கவில்லை.

இதற்குத் தமிழ் அமைப்பு எதற்கு, எந்த இன்டர்நெட் கடையிலும் செய்யலாமே என்று கேட்பீர்கள். நம் பெயர்தான் காரணம். இங்கே எந்தப் படிவத்திலும் 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர், என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு அது கிடையாது. பேங்க் புத்தகத்தில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் கணவர் பெயர் பின்னால், பி.எஃப். தாளில் அப்பா பெயர். மூன்றும் மூன்று பெண்கள் என்று கவுன்ட்டரில் நினைக்கிறார்கள். ஒரே ஆள்தான் என்பது ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பார்த்ததுமே விளங்கும். எதை எங்கே திருத்தச் சொல்வது என்றும் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

"கஷ்டப்படுவானேன், ஊருக்கே போய்விடலாமே" என்று உங்களில் ஒருவர் மேடையிலேயே சொன்னார். மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் ஊரில் எங்கள் பங்கு விற்று 20 வருடம் ஆகிறது. அக்காவுக்கு டாக்டர், மகள், காய்கறியைக் கடனுக்குக் கொடுக்கும் மராத்திக்காரம்மா எல்லாமே இங்கேதான். ரயிலில் வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை இருந்தவரை வருடம் ஒருமுறையாவது ஊருக்குப் போய்வந்தார். 2020 மார்ச்சில் சலுகை நின்றது, அவரும் நின்றுவிட்டார். பிழைக்க வந்த ஊரே எங்களுக்கு ஊராகிவிட்டது. இங்கேயே மரியாதையாக வயதாக வேண்டும்.

நான் கேட்பது நன்கொடை இல்லை. உங்கள் ஹாலை மாதம் ஒரு ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை திறந்துவிடுங்கள். போன் வைத்திருக்கும் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் போதும். முதியவர்கள் ஆதார், பேங்க் புத்தகம், பென்ஷன் ஆர்டர் மூன்றையும் கொண்டுவரட்டும். விழா அழைப்பிதழ் அனுப்பும் அதே வாட்ஸ்அப் குழுக்களில் தேதியைச் சொல்லுங்கள். போன் இல்லாதவர்களுக்குக் கோவில் வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

படிவம் நிரப்ப நான் வருகிறேன். 36 வருடம் டைப் அடித்தவள், எழுத்துப் பிழை விடமாட்டேன். சரி, இன்னும் ஒன்று: மாடி ஹால் வேண்டாம். அக்காவால் படியேற முடியாது.

அன்புடன்,
உங்கள் விழாக்களில் மூன்றாம் வரிசையில் உட்காரும் ஒருத்தி
டோம்பிவலி கிழக்கு