புவி வெப்பமயமாதல் பாடத்தைத் திருத்துங்கள்: அறிவியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம்.

புவி வெப்பமயமாதல் பாடத்தைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிய கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. "பாடநூலில் உள்ளபடியே விடைக்குறிப்பு தயாரிக்கப்பட்டுள்ளது" என்ற உங்கள் ஒற்றை வரிப் பதில் எங்களிடம் இருக்கிறது. ஓசோன் ஓட்டையால்தான் புவி சூடாகிறது என்று பாடநூலில் உள்ளதே தவறு என்றுதானே நாங்கள் எழுதியிருந்தோம்? இப்போது தேர்வுத் தாள்கள் திருத்தப்பட்டு மதிப்பெண்ணும் வந்துவிட்டது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்தி தன் விடைத்தாளின் நகலைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். "புவி வெப்பமடைவதற்கான காரணத்தை விளக்குக" என்பது வினா, ஐந்து மதிப்பெண். அவள் எழுதியிருந்தது இது: சூரிய ஒளி காற்றைக் கடந்து வந்து தரையையும் கடலையும் சூடாக்குகிறது. சூடான தரை அந்த ஆற்றலை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் மீத்தேனும் அக்கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சி, எல்லாத் திசைகளிலும் உமிழ்கின்றன. ஒரு பங்கு மீண்டும் தரைக்கே வருகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துக் கரியமில வாயுவைக் கூட்டிக்கொண்டே போனால், விண்வெளிக்கு வெளியேறும் வெப்பம் குறைந்து புவி சூடாகிறது.

நான் வகுப்பில் சொன்னதைவிடத் தெளிவாகவே எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு, ஓரத்தில் பூஜ்யம், பக்கத்தில் "ஓசோன் பற்றிக் குறிப்பிடவில்லை" என்று ஒரு வரி.

உங்கள் விடைக்குறிப்பு எதிர்பார்த்த விடை, ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை வழியாகச் சூரிய வெப்பம் கூடுதலாக உள்ளே வருகிறது என்பது. "அடுத்த தேர்வில் நான் எதை எழுதட்டும் டீச்சர், நடப்பதையா, புத்தகத்தில் இருப்பதையா?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. நான் சொல்லும் விடையை வைத்துக்கொண்டு அதன்படி படிக்கத் தயாராக நின்றாள். அறிவியல் படித்த ஒரு பிள்ளை இப்படிக் கேட்கும் நிலைக்கு வந்திருப்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதன் சிதைவு தோல் புற்றுநோய்க்கும் கண் நோய்க்கும் பயிர்ச் சேதத்துக்கும் வழிவகுப்பது. உலக நாடுகள் 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை செய்து, அதற்குக் காரணமான வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தின. படலம் மெல்ல மீண்டு வருகிறது. புவியின் வெப்பமோ ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டை தோன்றுவது அண்டார்டிகாவின் மேலே, அங்கே வசந்தம் பிறக்கும் மாதங்களில். வேகமாகச் சூடாகி வருவது எதிர்முனையிலுள்ள ஆர்க்டிக். இந்த ஒரு முரண்பாடே உங்கள் விடைக்குறிப்பைத் திரும்பப் பெறப் போதுமானது. ஓசோனைச் சிதைக்கும் குளோரோ புளோரோ கார்பன்கள், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுமை இல்ல வாயுக்களாகவும் செயல்படுகின்றன என்பது உண்மை. இரண்டையும் குழப்பிக்கொள்ள இதுவே காரணமாக இருந்திருந்தால், அதைப் பாடத்திலேயே விளக்கியிருக்கலாம்.

ஆகவே என் கோரிக்கை: அந்தப் பத்தியை நீக்குங்கள். அந்த வினாவுக்கான விடைத்தாள்களை மறுபடியும் திருத்தச் சொல்லுங்கள்.

அதே பாடத்தின் அடுத்த வரி, "மனிதச் செயல்பாடுகளும் ஒரு காரணமாக இருக்கலாம் எனச் சில விஞ்ஞானிகள் கருதுகின்றனர்" என்கிறது. சில விஞ்ஞானிகளா? கரியமில வாயு நிரப்பிய குடுவை வெயிலில் கூடுதலாகச் சூடேறுவதை யூனிஸ் ஃபூட் 1856இல் எழுதினார். அந்த வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை ஜான் டின்டால் 1859இல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். அது இரட்டிப்பானால் புவி எவ்வளவு சூடாகும் என்று அர்ரேனியஸ் 1896இல் கையாலேயே கணக்கிட்டார். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு, மனிதரால் வளிமண்டலமும் கடலும் நிலமும் சூடாகியிருப்பதில் ஐயமில்லை என்று 2021இல் அறிவித்தது. "இருக்கலாம்" என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

மாணவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. சூரியன்தான் கூடுதலாகச் சூடாகிவிட்டதோ? எரிமலைகளால் இருக்குமோ? மனிதர்தான் காரணம் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உங்கள் நூலில் இவற்றுக்கு ஒரு வரி விடைகூட இல்லை. அறிவியலின் அழகு முழுவதும் அந்த விடைகளில்தான் இருக்கிறது.

சூரியனை 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளக்கின்றன. வெப்பம் ஏறிய இந்தக் காலத்தில் சூரிய ஆற்றல் கூடவில்லை. அதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேல் அடுக்குகளும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். நாம் வாழும் கீழ் அடுக்கு சூடாகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலமோ குளிர்ந்திருக்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று மனாபேயும் வெதரால்டும் 1967லேயே கணித்திருந்தார்கள். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஓசோன் குறைந்தாலும் அந்த மேல் அடுக்கு குளிரவே செய்யும், ஏனெனில் புற ஊதாக் கதிரை உறிஞ்சி அதைச் சூடாக்குவதே ஓசோன்தான்.

காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கார்பன் அணுக்களில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. தாவரங்கள் எடை குறைந்த கார்பன் 12ஐ அதிகம் விரும்பி எடுப்பவை. அவற்றிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் எடை கூடிய கார்பன் 13 குறைவு. காற்றில் கார்பன் 13இன் விகிதம் இப்போது குறைந்து வருகிறது. எரிமலைகளிலிருந்து வந்திருந்தால் இந்தச் சுவடு இருக்காது. தவிர, எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடுவது மனிதர் வெளியிடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரே ஒரு வரைபடமாவது சேர்த்திருக்கலாம். ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது. அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு ஏறக்குறைய 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 280 அளவில் இருந்தது. அண்டார்டிகாவின் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காற்று, அதற்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில் அது ஏறக்குறைய 300ஐத் தாண்டியதே இல்லை என்று காட்டுகிறது. பத்து நிமிடத்தில் ஒரு வகுப்பே இதைப் படித்துப் புரிந்துகொள்ளும்.

இவை எதற்கும் நூலில் இடம் கிடைக்கவில்லை. முழக்கம் எழுதுவதற்கும் சுவரொட்டி வரைவதற்கும் மூன்று பக்கங்கள் கிடைத்திருக்கின்றன. மரம் நடு, விளக்கை அணை என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறோம்; ஏன் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறோம். ஒளிச்சேர்க்கை, மின்சாரம், மரபியல் என எந்தப் பாடத்தை எடுத்தாலும் இதே கதைதான். வரையறையை மனப்பாடம் செய்தவர் தேறுகிறார். சான்றைத் தேடிப் போனவர் சிவப்பு மையைச் சந்திக்கிறார். இப்படி வளர்ந்தவர்களிடம் பிற்காலத்தில் வதந்தியை நம்பாதீர்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

குரல் உயர்ந்துவிட்டதென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாடநூல் எழுதுவது எளிய வேலை அல்ல என்பதையும், உங்களுக்கும் காலக்கெடு உண்டு என்பதையும் அறிவேன். மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: ஓசோன் ஓட்டையைக் காரணமாகச் சொல்லும் பத்தியை அடுத்த பதிப்பு அச்சேறுவதற்குள் நீக்குங்கள். "சில விஞ்ஞானிகள்" என்ற வரியைத் திருத்துங்கள். மேலே சொன்ன சான்றுகளில் சிலவற்றையாவது சேருங்கள். பதிப்பு வரும்வரை காத்திருக்காமல், சரியான விடை எழுதி மதிப்பெண் இழந்தவர்களுக்கு உடனே அதை வழங்குங்கள். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். திருத்திய பாடத்தை எழுதித் தரவும் சரிபார்த்துத் தரவும் நானும் என் சக ஆசிரியர்களும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முன் உங்கள் பதில் வந்தால், அந்த மாணவிக்கு நான் ஒரு விடை சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை