அவனிடம் உண்மையைச் சொல்லிக் கூட்டிப் போ

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில், தொடை மடிப்பில் குடல் பிதுங்கி வீங்கும் குடலிறக்கத்துக்காக என் பேரனுக்குச் செய்யப்போகும் ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது, "சின்ன ஆபரேஷன்தான் அம்மா, காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று மூன்று முறை சொன்னாய். மூன்றாவது முறை சொல்லும்போது உன் குரல் கம்மிவிட்டது. குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்பதால் உனக்குச் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் உன் காதில் ஏறியிருக்காது. ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றும், அன்று காலை "வெளியே போய் வருவோம்" என்று கூட்டிப் போய்விடலாம் என்று நினைப்பதாகவும் சொன்னாய். அதை மட்டும் செய்யாதே. உனக்கு நான்கு வயதில் டான்சில் எடுத்தபோது நான் அப்படித்தான் செய்தேன். அப்போது நான் வேலைக்குப் புதிது. பயப்படுத்தாமல் இருப்பதுதான் தாயின் கடமை என்று நம்பினேன். உனக்குத் தொண்டை பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு பல மாதங்கள், எங்கே கிளம்பினாலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று, "நிஜமா எங்கே போறோம்?" என்று கேட்பாய். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகச் சொன்னால் போதும். ஒரு மாதம் முன்னால் சொன்னால் அந்த மாதம் முழுவதும் மனதில் போட்டு உழற்றிக்கொண்டிருப்பான். அன்று காலை சொன்னால் கேள்வி கேட்கவே அவனுக்கு நேரம் இருக்காது. குளிப்பாட்டும்போது அந்த வீக்கத்தை அவனும் பார்த்திருப்பான், அங்கிருந்தே தொடங்கு. "நீ அம்மா வயிற்றில் இருந்தபோது இங்கே ஒரு சின்ன வழி இருந்தது, பிறந்த பிறகும் அது மூடாமல் இருந்துவிட்டது, டாக்டர் அதை மூடித் தைத்துவிடுவார்" என்று சொல். ஆண் பிள்ளைகளுக்கு விதை வயிற்றிலிருந்து விதைப்பைக்குள் இறங்கி வரும் அந்த வழி மூடாமல் போவதுதான் பெரும்பாலும் இந்தக் குடலிறக்கத்துக்குக் காரணம் என்பதால், நீ சொல்வது பொய்யும் ஆகாது. இது அவன் செய்த எந்தத் தப்புக்கும் தண்டனை அல்ல என்பதை அவன் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல். இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள், "தம்பியைத் தள்ளிவிட்டேன், அதனால்தானே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "சேட்டை செய்தால் ஊசி போட்டுவிடுவார்கள்" என்று வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம்.

"வலிக்குமா?" என்று கேட்பான். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதே. டாக்டர் தைக்கும்போது ஒன்றும் தெரியாது, எழுந்த பிறகு கொஞ்சம் வலிக்கும், வலித்தால் உடனே சொல், அதற்கு மருந்து இருக்கிறது என்று சொல். மயக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது, அது இரவுத் தூக்கம் போன்றது அல்ல என்பதையும் விளக்கு. இல்லாவிட்டால், நடுவில் விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்றும், வீட்டில் தூங்கும்போதும் யாராவது வந்து தைத்துவிடுவார்களோ என்றும் பயப்படுவான். இது மருந்தால் வரும் தூக்கம், மருந்து கொடுப்பதற்கென்றே ஒரு டாக்டர் கடைசிவரை பக்கத்திலேயே இருப்பார், வேலை முடிந்த பிறகுதான் விழிப்பு வரும் என்று சொல்.

கையில் ஊசி போட்டு மயக்கம் கொடுப்பார்கள், அல்லது முகத்தில் மாஸ்க் வைத்து வாயுவைச் சுவாசிக்கச் செய்வார்கள். ஊசி என்றால், மரத்துப்போகச் செய்யும் கிரீமை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகப் புறங்கையில் தடவி மேலே ஒட்டிவிடுவார்கள். பிரித்துப் பார்க்கும்போது தோல் வெளுத்திருக்கும், பயப்படாதே. மாஸ்க் என்றால், ஒரு காகிதக் கோப்பையை அவனுடைய கரடிப் பொம்மையின் மூக்கிலும், பிறகு உன் மூக்கிலும், கடைசியாக அவன் மூக்கிலும் வைத்து ஊதி ஊதி இப்போதே விளையாடு. மயங்கும்வரை கூட இருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடு. அனுமதித்தால், ஒன்றுக்குத் தயாராக இரு: மயங்கும் தறுவாயில் கண் மேலே செருகும், கைகால் உதறும், குறட்டை போல மூச்சு இழுக்கும். அது மருந்து வேலை செய்யும் விதம். நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடு. அழுகை வந்தால் அங்கே வந்து அழு.

வெறும் வயிற்றுக் கட்டுப்பாட்டில் மட்டும் இரக்கம் காட்டாதே. மயக்கத்தில் இருப்பவருக்குப் புரை ஏறினால் இருமி வெளியே தள்ளும் சக்தி இருக்காது, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். பொதுவாகத் திட உணவை மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பால் பார்வைக்குத் தண்ணீராக இருந்தாலும் அதற்கும் அதே 6 மணி நேரம்தான். தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம், சில இடங்களில் அதற்கும் குறைவு. உன் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கும் நேரத்தையே பின்பற்று. தண்ணீர் குடிக்க அனுமதித்திருக்கும் கடைசி நேரம்வரை தண்ணீர் கொடு, வறண்டு கிடக்க வேண்டிய அவசியமில்லை. தெரியாமல் ஒரு கடி பிஸ்கட் தின்றுவிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடு. தேதி தள்ளிப்போனால் போகட்டும். அதேபோல், சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் முதல் நாளே தொலைபேசியில் தெரிவி. ஆடும் பல் இருந்தாலும், நம் இரு குடும்பங்களிலும் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்திருந்தாலும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் யாருக்கும் இல்லை, மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்.

தேதிக்கு முன்பே அந்த வீக்கம் கல்லாக இறுகி, உள்ளே போகாமல், அவன் வலியில் துடித்தாலோ வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போய்விடு.

அன்றே அனுப்பிவிடுகிறார்களே, அவசரப்படுகிறார்களோ என்று நீ கேட்டாய். ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், கிளாஸ்கோவில் குழந்தைகளுக்கு 8,988 அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டு அவர்கள் அன்றன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டதை 1909ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். தாயின் பக்கத்தில் இருக்கும் குழந்தை வார்டில் கிடக்கும் குழந்தையைவிட நன்றாகவே தேறும் என்பது அவருடைய எண்ணம். என் அனுபவமும் அதுதான்.

மயக்கம் தெளியும் நேரத்தைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சில பிள்ளைகள், அதிலும் இந்த வயதுக்காரர்கள், விழித்ததும் வீறிட்டு அழுவார்கள், புரண்டு உதைப்பார்கள், தாயைப் பார்த்தே "அம்மா வேணும்" என்று கத்துவார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் உன்னை அடையாளம் தெரியாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பிறகு அவனுக்கு நினைவும் இருக்காது. விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, ஒரே குரலில், ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிரு.

காரில் ஒருவர் ஓட்ட, நீ பின்னால் அவன் பக்கத்தில் உட்கார்; தூங்கினால் தலை முன்னால் தொங்கி மூச்சை அடைக்காமல் பார்த்துக்கொள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்படி ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் துவளும், தனியாக நடக்க விடாதே. அந்த மருந்தின் தயவால் சாயங்காலம் சிரித்துக்கொண்டிருப்பான். அதை நம்பி மருந்து கொடுக்காமல் விட்டால், நடு இரவில் வலி மொத்தமாக வந்து நிற்கும். மரப்பு விலகும் முன்பே, டாக்டர் சொன்ன நேரத்தில் பாராசிட்டமால் கொடுத்துவிடு. பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆனால் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் உண்டு, 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் உண்டு. எது உன் கையில் இருக்கிறது என்று பாட்டிலைப் பார்த்து, எத்தனை மில்லி என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். காய்ச்சல், தையலில் சிவப்பு, கசிவு, நிற்காத வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பல மணி நேரம் சிறுநீர் வராமை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அழைக்க வேண்டிய எண்ணைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதே.

தையல் தொடை மடிப்புக்கு மேலே இருக்கும், இடுப்புப் பட்டி உரசும். ஆகவே நாடா தளர்ந்த பழைய கால்சட்டைகள் இரண்டை எடுத்து வை. கரடிப் பொம்மையை எடுத்துப் போக மறக்காதே. அதன் இடுப்பிலும் ஒரு பிளாஸ்டர் ஒட்டித் தரச் சொல்லிக் கேள், நாங்களெல்லாம் கேட்டால் ஒட்டித் தருவோம். அவனிடம் நீ எப்படிச் சொன்னாய், அதற்கு அவன் என்ன கேட்டான் என்பதை எனக்கு அன்றிரவே சொல்.

அன்புடன்,
அம்மா