முருகேசா, கடைய பில்லு போட்டே ஆரம்பி

டேய் மாப்ள,

நல்லா இருக்கியா, சாந்தி தங்கச்சியும் பையனும் சௌக்கியமா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே தான் இருக்கு, பெரியவளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம், குண்டு செல்வம் தாத்தா ஆயிட்டான் (உனக்கு சொல்லாமயா இருந்திருப்பான், ஊர் முழுக்க ஸ்வீட் குடுத்தாச்சு).

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். விஆர்எஸ் காசுல ஓசூர்ல எலக்ட்ரிகல், பிளம்பிங் சாமான் கடை போடப் போறேன்னதும் அவ்ளோ சந்தோஷம்டா எனக்கு. மாவு மில்லுல மீதி சில்லறைய எண்ணத் தெரியாம முழிச்சவன் நீ, இப்ப கல்லாவுல உக்காரப் போற. ஆனா கடைசில ஒன்னு சொன்ன பாரு, "பில்லு போடாம ஓட்டுற டெக்னிக்க மட்டும் சொல்லிக் குடுத்துரு, நீ தான் பழம் தின்னு கொட்ட போட்டவனாச்சே"ன்னு, அத கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. அந்த டெக்னிக் எனக்கு தெரியும், சேலத்துல எங்க கட்டட சாமான் கடை இருக்குற தெருவுல எல்லாருக்கும் தெரியும். உனக்கு சொல்லித்தர மாட்டேன். ஏன்னு சொல்லத்தான் இவ்ளோ பெருசா டைப் பண்றேன், பொறுமையா படி.

மொதல்ல கணக்க பாரு. நீ ஒரு லட்ச ரூபாய்க்கு பைப்பும் ஃபிட்டிங்கும் எடுக்குற, 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, 18,000 சப்ளையர்கிட்ட சேத்து குடுத்துடுற. பத்து பர்சென்ட் லாபம் வச்சு 1,10,000க்கு விக்கிற, அதுக்கு வரியா கஸ்டமர்கிட்ட 19,800 வாங்குற. நீ கவர்மென்ட்டுக்கு கட்டுறது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற 1,800. அந்த 1,800ம் கஸ்டமர் குடுத்த காசு தான், உன் பாக்கெட்ல இருந்து போறதில்ல. ஆனா கல்லாவுல விழுந்துருச்சுன்னா எல்லாமே நம்ம காசுன்னு ஒரு நெனப்பு வந்துருதுடா, இருபதாம் தேதி 3பி, அதான் வரி கட்டுற மாச ரிட்டர்ன், போட உக்காந்தா நகைய அடகு வைக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிறாங்க. நானும் எங்க அண்ணனும் வரிக்காச தனி அக்கவுண்ட்ல போட்டுருவோம், அத தொடவே மாட்டோம். நீயும் மொத நாள்ல இருந்து அப்படி பண்ணு.

சரி, அப்புறம் ஏன் ஆளுங்க பில்லு போட மாட்டேங்குறாங்கன்னு கேப்ப. போட்டி தான். எங்களுக்கு எதுத்தாப்ல ஒரு கடை இருக்கு, வெள்ள பேப்பர்ல "எஸ்டிமேட்"னு மேல எழுதி துண்டுச்சீட்டு குடுப்பாரு, அவ்ளோ தான் பில்லு. வாங்குறதும் பில்லு இல்லாத சரக்கு, விக்கிறதும் அப்படியே. வீடு கட்டுறவரு ஒருத்தர் எங்கிட்ட வந்து "பில்லோட எவ்ளோ, பில்லு இல்லாம எவ்ளோ"ன்னு தான் மொதல்ல கேப்பாரு, ஒரு லட்ச ரூபா சாமான்ல 18,000 வித்தியாசம், அவரு அந்த வரிய எங்கயும் கிரெடிட் எடுக்கவும் (நம்மள மாதிரி கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கவும்) முடியாது, அப்ப அவரு ஏன் எங்கிட்ட வாங்கணும்? ரோட்ட தாண்டி போயிடுவாரு. போறத பாத்துக்கிட்டே நிக்கணும், அது கஷ்டம்டா மாப்ள, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த எதுத்த கடைக்காரர திருடன்னு நான் சொல்ல மாட்டேன். கோயில் அன்னதானத்துக்கு மொத ஆளா அரிசி மூட்ட குடுக்குறவரு, லேபர் ஒருத்தன் விழுந்து கால ஒடச்சுக்கிட்டப்ப முழுச்செலவும் ஏத்துக்கிட்டவரு. ஒரு நாள் டீ குடிக்கறப்ப கேட்டேன். "அண்ணே, எல்லாரும் பில்லு போட்டா நாளைக்கே நானும் போடறேன், நான் மட்டும் போட்டா கடைய மூட வேண்டியது தான்"னாரு. பல பேரு மனசு இது தான். வரி கட்டக்கூடாதுன்னு வெறி ஒன்னும் இல்ல, பக்கத்துக்கடக்காரன் கட்டாம இருக்கறப்ப நான் மட்டும் ஏமாளியா ஆகணுமாங்கிற பயம். அந்த பயத்த போக்க வேண்டியது ஜிஎஸ்டி டிபார்ட்மென்ட். ஆனா அவங்க என்ன பண்றாங்க தெரியுமா, கேளு.

எனக்கு செப்டம்பர் கடைசில நோட்டீஸ் வந்துச்சு. உங்கிட்ட போன்ல சொல்லல, சொன்னா நீ உடனே பஸ் ஏறி வந்துருவ. 2021-22ல ஒரு சப்ளையர்கிட்ட பைப் எடுத்தோம். முழு பில்லு, ஈவே பில்லு (சரக்கு லாரில போறதுக்கு போர்ட்டல்ல எடுக்குறது), லாரி ரசீது, பணம் பூரா பேங்க் வழியா. அந்தாளு ஜிஎஸ்டிஆர்-1, அதான் வித்த பில்லுங்க லிஸ்ட, போட்டுட்டான், அதனால எங்க 2பி-ல (எங்களுக்கு வர்ற கிரெடிட்ட காட்டுற போர்ட்டல் ஸ்டேட்மென்ட்) கிரெடிட் சுத்தமா தெரிஞ்சுது, நாங்க எடுத்தோம். ஆனா அவன் 3பி போட்டு வரிய கட்டவே இல்ல. எங்ககிட்ட வாங்குன வரிய முழுங்கிட்டு கடைய காலி பண்ணிட்டான், அப்புறம் அவன் ரெஜிஸ்ட்ரேஷன முன்தேதி போட்டு கேன்சல் பண்ணிட்டாங்க. இப்ப எங்களுக்கு நோட்டீஸ், நீங்க எடுத்த கிரெடிட் செல்லாது, ஒன்னே முக்கா லட்சம் திருப்பி கட்டுங்க, மேல 18 பர்சென்ட் வட்டி, அதுக்கு மேல அபராதம்னு. கூட்டிப் பாத்தா மூணு லட்சத்த தாண்டுது. 16(2)(சி)ன்னு ஒரு பிரிவு, விக்கிறவன் வரிய கட்டியிருந்தா தான் வாங்குறவனுக்கு கிரெடிட்னு சொல்லுது. அவன் கட்டுனானா இல்லயான்னு நான் எப்படிடா போய் பாக்க முடியும்? அவன் வாசல்ல போய் உக்காரவா? பில்லே இல்லாம வாங்குன எதுத்த கடைக்காரருக்கு இந்த நோட்டீஸ் வரவே வராது, ஏன்னா அவரு வாங்குனதுக்கு எங்கயும் தடமே இல்ல. பில்லோட வாங்குன எங்கிட்ட ரெண்டாவது தடவ வரி கேக்குறாங்க.

அன்னைக்கு ராத்திரி அண்ணன் சாப்பிடல. "அப்பா காலத்துல இருந்து ஒழுங்கா கட்டுனோமேடா"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு.

ஆடிட்டர் தைரியம் சொல்றாரு. 2021ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லயே ரப்பர் ஷீட் வியாபாரிங்க கேஸ் ஒன்னு வந்துச்சாம், இதே கதை தான். வரிய வாங்கிட்டு கட்டாம போன வித்தவன விசாரிக்காம, அவன் மேல நடவடிக்கை எடுக்காம, வாங்குனவன மட்டும் புடிக்கிறது என்ன நியாயம்ங்கிற மாதிரி கேட்டு, ஆர்டர ரத்து பண்ணி திரும்ப விசாரிக்கச் சொல்லிருக்காங்க. அத வச்சு பதில் போட்டுருக்கோம், பேங்க் ஸ்டேட்மென்ட், லாரி ரசீது எல்லாம் சேத்து. 2021-22க்கு ஆர்டர் போட 2025 டிசம்பர் 31 தான் கடைசி, அதனால சீக்கிரம் தெரிஞ்சுரும். நமக்கு எதிரா வந்தா அப்பீல், வரில பத்து பர்சென்ட் முன்கூட்டியே கட்டணும். கட்டுவோம், போராடுவோம், விட மாட்டேன்.

இன்னொரு விஷயம் இருக்குடா, இத பேசுனா எனக்கு பிபி ஏறும். 2019 செப்டம்பர்ல கம்பெனிகளுக்கு வருமான வரிய 22 பர்சென்ட்டுக்கு எறக்குனாங்க, 2024 மார்ச்சுக்குள்ள புதுசா ஃபேக்டரி ஆரம்பிச்ச கம்பெனிக்கு 15. சர்சார்ஜ், செஸ் தனி. எங்க மாதிரி பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு? அதே 30, மேல செஸ்சு. ரெண்டு அண்ணன் தம்பி ஷட்டர தூக்கி சிமெண்ட் மூட்ட எறக்கி சம்பாதிக்கிற லாபத்துக்கு ரேட் ஜாஸ்தி, பல ஆயிரம் கோடி கம்பெனிக்கு கம்மி. சலுகைகள விட்டுட்டு தான் அந்த ரேட்னு காரணம் சொல்வாங்க, இருக்கட்டும், எங்களுக்கு என்ன பெரிய சலுகை இருக்கு? சின்ன வியாபாரி ஏமாத்துறான்னு டிவில பேசுறவங்க இந்த கணக்க ஏன் ஒரு நாளும் பேச மாட்டேங்குறாங்க?

நீ ஓசூர்ல இருக்க, 2025 ஜூலைல பார்டர் தாண்டி நடந்தத நேர்லயே பாத்திருப்ப. யூபிஐ கணக்க எடுத்து வச்சுக்கிட்டு கர்நாடகால சின்ன கடைக்கெல்லாம் நோட்டீஸ் விட்டாங்களே, ஹாவேரில காய்கறி விக்கிறவருக்கு 29 லட்சம்னு வந்துச்சு, காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. பேக்கரி, டீக்கடை எல்லாம் க்யூஆர் கோட கிழிச்சுட்டு "ஒன்லி கேஷ்"னு போர்டு வச்சாங்க. அப்புறம் முதலமைச்சர் கூப்பிட்டு பேசி, பழைய பாக்கிய கேக்க மாட்டோம், ரெஜிஸ்டர் பண்ணிக்கங்கன்னு சமாதானம் ஆச்சு. வருசத்துக்கு 40 லட்சத்துக்கு மேல சரக்கு வித்தா ரெஜிஸ்டர் பண்ணணும், அது ரூல், அத யாராவது அந்த கடைக்காரங்களுக்கு முன்னாடியே உக்கார வச்சு சொல்லியிருந்தா இவ்ளோ பயம் வந்திருக்குமா?

இவ்ளோ திட்டிட்டு அப்புறம் ஏன்டா எனக்கு பில்லு போடச் சொல்றங்கிறியா. உன் பையன் கருப்பூர் கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல தானே படிச்சான், என்ன ஃபீஸ் கட்டுன? எங்க அக்கா பொண்ணுக்கு எட்டாம் மாசமே வலி வந்தப்ப சேலம் பெரியாஸ்பத்திரில தான் புள்ளையவும் தாயையும் காப்பாத்திக் குடுத்தாங்க, ஒரு ரூபா கட்டல. அந்த 18ல 9 பர்சென்ட் நம்ம மாநிலத்துக்கு போகுது, அதுல தான் இதெல்லாம் நடக்குது. இது நான் மேடைக்கு பேசுறது இல்ல, அந்த கொழந்தைய தூக்கறப்பல்லாம் நெனச்சுக்குவேன்.

நடைமுறையாவும் சொல்றேன். 2020 லாக்டவுன்ல கடை மூடி கெடந்தப்ப, பேங்க்ல ஏற்கனவே லோன் இருந்தவங்களுக்கு பாக்கில 20 பர்சென்ட் எக்ஸ்ட்ரா லோன், கவர்மென்ட் கேரண்டியோட குடுத்தாங்க. எங்க ரிட்டர்ன் எல்லாம் ஒழுங்கா இருந்ததால கெடச்சுது. துண்டுச்சீட்டு வியாபாரம் பண்ணவங்க எத்தன பேரு மீட்டர் வட்டிக்கு போனாங்கன்னு எங்க தெருவுலயே பாத்தேன்.

மாசாமாசம் ரிட்டர்ன் போட பயமா இருந்தா சட்டத்துலயே வழி இருக்கு, காம்போசிஷன். ஒன்றரை கோடி டர்ன்ஓவர் வரைக்கும் விற்பனைல 1 பர்சென்ட், மூணு மாசத்துக்கு ஒரு தடவ கட்டுனா போதும். ஆனா கஸ்டமர்கிட்ட தனியா வரி வாங்கக்கூடாது, நீ வாங்குனதுக்கு கிரெடிட்டும் கெடயாது. உனக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு, நல்லா யோசி. பெங்களூர் சிக்பேட்ல இருந்து சரக்கு வாங்கலாம், தப்பில்ல, ஆனா அத்திப்பள்ளில ஒரு வீட்டுக்கு லோடு அனுப்புனா அது வெளிமாநில விற்பனை, காம்போசிஷன்ல இருக்கறவன் அத பண்ணவே கூடாது. அந்த பக்கம் கஸ்டமர் வருவாங்கன்னு நெனச்சா ரெகுலர்ல, அதான் சாதாரண ஜிஎஸ்டி முறைல, போ. காண்ட்ராக்டர்களும் கிரெடிட் வர்ற பில்லு தான் கேப்பாங்க.

சப்ளையர் விஷயத்துல தான் கண்ணு வேணும். போர்ட்டல்ல ஜிஎஸ்டி நம்பர போட்டா அவன் எப்ப எப்ப ரிட்டர்ன் போட்டான்னு தெரியும், 3பி விட்டு விட்டு போடறவன்கிட்ட எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் வாங்காத. புது ஆளுன்னா வரிப்பணத்த மட்டும் நிறுத்தி வை, அவன் 3பி போட்டதும் குடு, ஒத்துக்கலன்னா வேற ஆள பாரு. ஈவே பில்லு, லாரி ரசீது எதையும் தூக்கிப் போடாத, எங்கள இப்ப காப்பாத்துறது அந்த பழைய காகிதம் தான்.

பொங்கலுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழம சேலம் வா, ஆடிட்டர்கிட்ட கூட்டிட்டு போறேன், ரெஜிஸ்ட்ரேஷன அவரே போட்டுக் குடுப்பாரு. வாடகை அக்ரிமெண்ட், பேன், ஆதார் எடுத்துட்டு வா. சைக்கிள் காசையும் எடுத்துட்டு வா, மறந்துட்டேன்னு நெனச்சுக்காத. நோட்டீஸ் விஷயம் அம்மாவுக்கு தெரியாது, போன்ல பேசறப்ப வாய விட்டுறாத.

உன்
ராஜேந்திரன்