போ என்றதும் போனோம்

கால்கரி, கனடா,
ஆகஸ்ட் 19

அன்புள்ள மீனா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆவணியில் பதில் போடுகிறேன். திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். மாமியாரின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சின்னவன் இன்னும் வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டோரம் வைக்கிறானா? ஹாஸ்டலில் அவன் அம்மா செய்ததுதானே, கண்டிக்காதே.

போன சனிக்கிழமைக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்பா வழக்கம்போலப் போனில் மேட்டூர் எத்தனை அடி என்று பார்க்கிறார். மே மாதம் வந்ததிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் வேலை. திடீரென்று, "இந்த ஊர் ஆறு எங்கேருந்து வருது?" என்றார். "போ பனியாறு தாத்தா. அதிலிருந்து வருவதால் இதுவும் போ ஆறு" என்றான் பெரியவன். "போன்னு சொன்னா போயிட வேண்டியதுதான்" என்று இவர் கார் சாவியை எடுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் எலுமிச்சை சாதம், ஃபிளாஸ்கில் டீ, அப்பாவின் மங்கி குல்லாவோடு கிளம்பிவிட்டோம்.

லேக் லூயிஸ் தாண்டி 93-ஆம் சாலையில் திரும்பினால் ஜாஸ்பர் வரை மலையும் ஏரியும்தான். போ ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் அந்தப் பனியாறு மலையுச்சியில் ஒட்டிய வெள்ளைத் துண்டாகத் தெரிந்தது. அப்பாவுக்கு அது போதவில்லை. "கிட்டப் போகணும்" என்றார். சரி என்று அதாபாஸ்கா பனியாறு வரை ஓட்டினோம். வீட்டிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல்.

காவிரி பிரியும் முக்கொம்பில் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்தவரைப் பனியாற்றுக்கு எதிரில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீயே யோசி! "ஆறுன்னா ஓட வேணாமா?" என்பது முதல் கேள்வி. ஓடுகிறது அப்பா, மேலே கொலம்பியா பனிவெளியில் விழும் பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் கீழே நகர்கிறது என்றேன். அந்தப் பனிவெளியிலிருந்து தண்ணீர் மூன்று பக்கம் பிரிகிறது: ஒன்று ஆர்க்டிக்குக்கு, ஒன்று பசிபிக்குக்கு, ஒன்று ஹட்சன் விரிகுடாவுக்கு. "அப்ப இதுவும் முக்கொம்புதான்" என்று சொன்னாரே, மே மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. நுனியிலிருந்து வரும் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல இருக்கிறது. பனி பாறையை அரைத்த மாவு அது.

இனிமேல்தான் மீனா, எனக்கு உறுத்துகிற விஷயம். நடைபாதையோரம் வருடம் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள், அந்த வருடம் பனி அதுவரை இருந்தது என்று காட்ட. 1982 என்று ஒரு பலகை. நாம் இரண்டு பேரும் பிறந்த வருடம். நான் அதன் பக்கத்தில் நிற்கிறேன், சுற்றிலும் வெறும் சரளைக்கல். பனி எங்கோ தூரத்தில், மேட்டுக்கு அப்பால். அப்பா அங்கிருந்து அடி எண்ணிக்கொண்டு நடந்தார். 1992 பலகையையும் தாண்டினார். முந்நூறுக்கு மேல் எண்ணவில்லை. மூச்சு வாங்கியதா, மனசு வரவில்லையா, நான் கேட்கவில்லை. 125 வருடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி, பாதிக்கு மேல் கரைந்துவிட்டதாம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரத்தைவிடத் திறப்பு அதிகம்" என்றார். குளிர்காலத்தில் சேர்வதைவிடக் கோடையில் உருகுவது கூடிவிட்டது என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அவர் சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

பனியைத் தொட முடியவில்லை. வெடிப்பில் விழுந்து ஆட்கள் இறந்திருப்பதால் கயிறு கட்டியிருக்கிறார்கள். சின்னவள் அழுதாள். அப்பா அவளை ஓடைக்குக் கூட்டிப் போய்த் தண்ணீரில் கை வைக்கச் சொன்னார், தானும் வைத்தார், விரல் மரத்துப்போகும் வரை எடுக்கவில்லை.

திரும்பும்போது காரில் எல்லோரும் தூங்க, நாங்கள் இரண்டு பேரும்தான் பேசிக்கொண்டு வந்தோம். கால்கரி குழாயில் வருவதில் பனியாற்றின் பங்கு வருடக் கணக்கில் கொஞ்சம்தான், பெரும்பகுதி அந்தந்த வருடத்துப் பனியும் மழையும் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். ஆனால் மலைப்பனி உருகித் தீர்ந்து மழையும் இல்லாத கோடைக் கடைசியில் ஆற்றைத் தாங்குவது அந்தக் கொஞ்சம்தான். அப்பா விடவில்லை. "கடைமடைக்குக் கடைசி முறைத் தண்ணி மாதிரி. அது வரலேன்னா கதிர் பதராயிடும்மா" என்றார். அன்றிலிருந்து பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் அந்தச் சரளைக்கல் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லி வளர்ப்பது என்று தெரியவில்லை. நீ டீச்சர், உன் வகுப்பில் எப்படிச் சொல்வாய், எழுது.

அப்பா அக்டோபரில் திருச்சி வருகிறார். உனக்குப் பிடித்த மேப்பிள் பிஸ்கட் அவர் பெட்டியில் இருக்கும், மாமியாருக்குத் தெரியாமல் வாங்கிக்கொள். அப்புறம், முக்கொம்புப் பக்கம் போனால் கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுதச் சொல்கிறார். போனில் போடுவதை அவர் நம்புவதில்லை.

அன்புடன்,
உன் ஜன்னலோரக் கட்டில்காரி